நாலாவது விரல்

கலைவாணி எதைச் சொன்னாலும் விரல் விட்டுத்தான் சொல்வாள். மளிகைக் கடையில் சாமான் சொல்வதும், அம்மாவிடம் பஸ்ஸில் நடந்ததைச் சொல்வதும் அப்படித்தான். கட்டைவிரலில் ஆரம்பித்து வரிசையாக மடக்கிக்கொண்டே போவாள். பிறவிப் பழக்கமில்லை, வேலைக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

அவள் வேலை என்னவென்று அந்தத் தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கம்ப்யூட்டர் வேலை என்பார்கள். லாஸ்பேட்டையில் ஒரு மாடியில் பத்தொன்பது பேர் உட்கார்ந்து அமெரிக்க ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் படித்தார்கள். அங்கே டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டோ அறுத்துவிட்டோ வாயால் சொல்லி வைப்பதை யாரோ டைப் அடித்து அனுப்புவார்கள். காலை எட்டரைக்கு இவர்கள் வரும்போது அது மேசைக்கு வந்திருக்கும். படித்து, என்ன வியாதி, என்ன வைத்தியம் என்பதை எண்ணாக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். எண் சரியாக இருந்தால் அங்கே டாக்டருக்கு இன்ஷூரன்ஸ் பணம் வரும். தப்பினால் இங்கே கலைவாணிக்கு மதிப்பெண் குறையும்.

சிறுநீரகக் காகிதங்கள் அவளுடையவை. சிறுநீரகத்தில் நீர்க்கட்டி என்றால் 593.2. விலாவுக்குக் கீழே கத்தி வைத்துத் திறந்து கட்டியின் கூரையை வெட்டி எடுத்தால் 50280. துளை போட்டுக் குழாய் விட்டுச் செய்தால் 50541. புத்தகத்தைத் திறக்காமலே சொல்வாள். இதற்கு முன்னால், டாக்டர் நோயாளியிடம் உட்கார்ந்து கதை கேட்கிறாரே, அதற்குத் தனி எண். அந்தக் கதையில் எட்டு விஷயம் உண்டு. எந்த இடம், எப்படிப்பட்ட வலி, எவ்வளவு கடுமை, எத்தனை காலமாக, எந்த நேரத்தில், என்ன செய்தால் வருகிறது, எதனால் குறைகிறது, கூடவே வேறென்ன. இந்த எட்டில் எத்தனை எழுதியிருக்கிறதோ அதற்குத் தகுந்த பணம். எழுதாமல் விட்டது நடக்கவேயில்லை என்று அர்த்தம். கலைவாணி எட்டையும் எட்டு விரலில் வைத்துக்கொண்டாள். காலம் என்பது நாலாவது விரல்.

அவள் அப்பா கலியபெருமாளுக்கு லாஸ்பேட்டையைத் தாண்டி மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் வாளி செய்கிற கம்பெனியில் வேலை. ஊர் தவளக்குப்பத்துக்கு உள்ளே. அரைக்காணி நிலப் பங்கில் பிழைக்க முடியாமல் முத்தியால்பேட்டைக்கு வாடகைக்கு வந்தவர்கள். மெஷின் வாயைத் திறந்ததும் கையை விட்டு வாளியை உருவ வேண்டும், விளிம்பில் பிசிறைச் சீவ வேண்டும், அதற்குள் அடுத்தது வந்துவிடும். ஒன்றை விட்டுவிட்டால் அச்சில் ஒட்டிக்கொள்ளும், சூப்பர்வைசர் சத்தம் போடுவான். அதனால் கலியபெருமாள் ஒண்ணுக்குப் போவதைத் தள்ளிப்போட்டார். தள்ளிப்போடுவதற்காகத் தண்ணீர் குடிப்பதையே விட்டார். சித்திரை வைகாசியில் அந்தத் தகரக் கொட்டகைக்குள் எட்டு மணி நேரம் தண்ணீர் இல்லாமல் நிற்பதை ஒரு சாமர்த்தியமாகவே வீட்டில் சொல்லிக்கொள்வார். எனக்கு அந்தக் கம்பெனிக்காரன் மேல் வருகிற கோபம் அவருக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

நாலு வருஷத்துக்கு முன்பு, இரண்டாயிரத்து இரண்டில், இடது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்று ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீரகத்தில் மூன்று சென்டிமீட்டரில் நீர்க்கட்டி. இது நிறையப் பேருக்கு இருக்கும், ஒன்றும் செய்யாது என்று அந்த டாக்டர் சொல்லியனுப்பினார். படம் பீரோ மேலே பழைய காலண்டர்களோடு போய்ச் சேர்ந்தது. வலி வந்தால் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். இரண்டு வருஷம் கழித்து கலைவாணி தன் முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுத்தாள். பாலிசி எழுத வந்த கோபிநாத் ஆஸ்பத்திரியில் படுத்ததுண்டா என்று கேட்டான். இல்லை என்றார்கள். அவனே எல்லாக் கட்டத்திலும் இல்லை என்று டிக் அடித்துக் கையெழுத்து வாங்கிப் போனான். யாரும் பொய் சொல்லவில்லை. நீர்க்கட்டி யாருக்கும் நினைவிலேயே இல்லை.

இந்த வருஷம் வைகாசிக் கடைசியில் கம்பெனிக் கக்கூசில் அவருக்கு மூத்திரம் சிவப்பாகப் போனது. பத்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா தனக்கொடிதான் துணி துவைக்கும்போது பார்த்து, வீதியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அழுதாள். கலைவாணி தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். பீரோ மேலே தேடி பழைய படத்தையும் எடுத்துக்கொண்டாள்.

அங்கிருந்த சர்ஜன் புதுப் படத்தையும் பழைய படத்தையும் விளக்குப் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டி ரொம்ப நேரம் பார்த்தார். மூன்று சென்டிமீட்டர் எட்டாகியிருந்தது.

“புதுப் படத்த மட்டும் பாத்தா வெறும் தண்ணின்னு அனுப்பிடுவேன்மா. ஆனா வளந்துருக்கு. அதான் எனக்குப் புடிக்கல. குழாய் போட்டுப் பண்ற எடத்துல இல்ல. திறந்து, கூரைய வெட்டி எடுத்து, ஒரு துண்டு பரிசோதனைக்கு அனுப்பணும். தள்ளிப்போடாதீங்க.”

கலைவாணிக்கு மனசுக்குள் 50280 என்று ஓடியது. அப்பாவை எண்ணாக நினைத்துவிட்டோமே என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

கோபிநாத் போனில் தைரியம் சொன்னான். பாலிசி உயிரோடு இருக்கிறது, அட்மிட் பண்ணுங்கள், ஆஸ்பத்திரியிலிருந்தே சென்னைக்கு ஃபேக்ஸ் போகும், கையில் காசே வேண்டாம் என்றான். தனக்கொடி மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். வாழைத்தண்டை இடித்துப் பிழிந்து ஒரு சொம்பு நிறையக் கொடுத்தாள். கலியபெருமாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். இத்தனை வருஷம் குடிக்காத தண்ணீரையெல்லாம் ஒரே நாளில் குடிக்கச் சொல்கிறாளே என்று மகளிடம் சிரித்தார்.

திங்கட்கிழமை சேர்த்தார்கள். வார்டில் அப்பாவின் கதையைக் கேட்டு எழுத விஜய் என்று ஒரு சின்ன டாக்டர் வந்தார். படிப்பை முடித்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. அப்பாவிடம் கேட்டார். அப்பா வழக்கம்போல, “இப்பதான் சார், கொஞ்ச நாளா வலிக்கிது” என்று ஆரம்பித்தார்.

பக்கத்துக் கட்டிலில் பக்கிரி என்று ஒரு கிழவர், குடலிறக்கத்துக்காக வந்தவர். அவரைக் கேட்டபோது ஒரே வாரம் என்று சொல்லியிருந்தார். அவர் இடுப்பில் அந்த வீக்கம் எத்தனை வருஷமாக இருக்கிறதென்று பார்த்தாலே தெரியும். இன்ஷூரன்ஸில் படுக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி அது. கலைவாணிக்கு மட்டும் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அமெரிக்கா.

அப்பா இப்படிப் பாதியில் விட்டால் காகிதம் பலவீனமாகிவிடும், பணம் நிற்கும் என்று அவளுக்குப் பதறியது. தினமும் பாதி எழுதிய காகிதத்தால் பணம் நின்றுபோனதைப் பார்க்கிறவள். எழுந்து முன்னால் வந்தாள். கட்டைவிரலை மடக்கினாள்.

“நான் சொல்றேன் சார். எடது பக்கம், கடைசி விலாவுக்குக் கீழ. மொண்ணையா வலிக்கும், அப்பப்ப இழுத்துப் புடிக்கும். நிமிந்து நிக்க முடியாத அளவுக்கு வலி. நாலு வருஷமா இருக்கு, ரெண்டாயிரத்து ரெண்டு ஜூலைல எடுத்த ஸ்கேன் எங்கிட்ட இருக்கு. சாயங்காலம் ஷிஃப்ட் முடியறப்ப ஜாஸ்தி. ரொம்ப நேரம் நின்னாலும், ஒண்ணுக்க அடக்குனாலும் வரும். துண்டு கட்டுனா, ஒருக்களிச்சுப் படுத்தா கொறையும். பத்து நாளா மூத்திரத்துல ரத்தம், ஜொரம் இல்ல, வாந்தி இல்ல.”

எட்டு விரலும் மடங்கியிருந்தன. விஜய் ஒரு வார்த்தை விடாமல் எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நீங்க நர்ஸா என்று கேட்டார். இவ்வளவு ஒழுங்காக யாரும் சொன்னதில்லை என்றார். கலைவாணிக்கு முகமெல்லாம் சிவந்தது. கலியபெருமாள் பக்கிரியைப் பார்த்து, “எம் பொண்ணு” என்றார்.



புதன்கிழமை ஆபரேஷன். செவ்வாய் மத்தியானம் இரண்டு மணிக்கு, வெளியே அனல் அடித்துக்கொண்டிருந்தபோது, கீழே பில்லிங் கவுண்டரிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே இருந்த நிர்மலா கலைவாணி வயசுக்காரி. சென்னையிலிருந்து வந்த ஃபேக்ஸைத் திருப்பிக் காட்டினாள். வியாதி நாலு வருஷமாக இருக்கிறது, பாலிசி இரண்டு வருஷத்தியது, ஆகவே பாலிசிக்கு முந்திய வியாதி, பணம் தருவதற்கில்லை. அட்மிஷன் காகிதத்தின் நகலில் ஒரு வரிக்கடியில் பேனாவால் கோடு போட்டிருந்தார்கள். அது நாலாவது விரல்.

நிர்மலா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“யாருங்க இத்த சொன்னது? டாக்டரு கேட்டா பத்து நாளு, பாஞ்சி நாளுன்னுதான சொல்லுவாங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல.”

“நாந்தான் சொன்னேன்.”

“நீங்க எங்க வேல செய்றீங்க?”

கலைவாணி சொன்னாள். நிர்மலா கொஞ்ச நேரம் அவளையே பார்த்துவிட்டு ஃபேக்ஸை மடித்துக் கையில் கொடுத்தாள்.

மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறிப்போய் விஜயைப் பிடித்தாள். நாலு வருஷம் என்பதை அடித்துவிட முடியுமா என்று கேட்டாள். கேட்கும்போதே பதில் அவளுக்குத் தெரியும். எழுதியதை அடித்துத் திருத்தின காகிதம் வந்தால் அதைத் தனியே எடுத்துவைத்து மேலே புகார் எழுதுகிற பெண் அவளேதான். விஜய்க்குக் கண் கலங்கிவிட்டது. நகல் போய்விட்டது, இனிமேல் திருத்தினால் உங்கள் அப்பா ஏமாற்றியதாகிவிடும் என்றார். சரியாகத்தான் சொன்னார். சரியாக எழுதியதும் அவர்தான், சரியாகச் சொன்னதும் அவள்தான். எல்லாம் சரியாக இருந்துதான் அந்தக் குடும்பம் கவிழ்ந்தது.

ஆபரேஷனுக்கு எழுபதாயிரம் கேட்டார்கள். மறுநாள் காலை, ஆபரேஷன் நடக்கவேண்டிய நேரத்தில், கலியபெருமாள் தன் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியிறங்கினார். பக்கிரிக்கு அன்றைக்கு ஆபரேஷன் நடந்தது.

வீட்டில் யாரும் கலைவாணியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தனக்கொடி நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள், அப்பாவுக்கு உப்பு கூடாது என்று தனியாகச் சுரைக்காய் வேகவைத்திருந்தாள். சோறு போடும்போது, “வாயி இருக்குதேன்னு பேசிட்டா ஆயிடுமா” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவ்வளவுதான். கலைவாணி சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை ஆபீஸ் போனாள். லீவு எடுத்தால் சம்பளம் போகும். பதினோரு மணிக்கு அவள் மேசைக்கு ஒரு காகிதம் வந்தது. அறுபத்தொரு வயதுக்காரர், சிறுநீரகத்தில் எட்டு சென்டிமீட்டர் நீர்க்கட்டி, விலாவுக்குக் கீழே திறந்து கூரையை வெட்டியிருந்தார்கள். வலி ஆறு வருஷமாக இருக்கிறதென்று அவர் சொல்லியிருந்தார். அது எழுதியிருப்பதனாலேயே அவர் டாக்டருக்குப் பணம் கூடுதலாக வரும். கலைவாணி நாலு நிமிஷத்தில் எண் போட்டு அனுப்பினாள். வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்து, துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அந்தக் கட்டடத்தில் நல்ல காற்று வருவது அந்தப் படியில்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோபிநாத் வந்தான். வியர்வை சொட்டச் சொட்ட மோர் வாங்கிக் குடித்துவிட்டு ஒரு வழி சொன்னான். அரசு ஆஸ்பத்திரியில் ஒரு முறை காட்டுங்கள். அங்கே சீட்டில் பத்து நாள் என்று எழுதினால் போதும். முதல் இடத்தில் மகள் பதட்டத்தில் தப்பாகச் சொல்லிவிட்டாள், அரசாங்க டாக்டர் கேட்டு எழுதியதுதான் உண்மை என்று மேலே மனுப் போடலாம். மனு ஜெயித்தால் அதே சர்ஜனிடமே போய்க்கொள்ளலாம்.

“அங்கயும் நாலு வருஷம்னு விழுந்துச்சுன்னா முடிஞ்சிச்சு. பாலிசிய கிழிச்சிப் போட்டுட வேண்டிதான். பழைய படத்த யாருக்கும் காட்டாதீங்க.”

கலைவாணி எதையோ சொல்ல வாயெடுத்தாள். கலியபெருமாள் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் குரலில் கோபமே இல்லை.

“நீ இரும்மா. இந்த வாட்டி நான் சொல்லிக்கிறேன்.”

அன்றைக்கெல்லாம் அவர் அதைப் பழகினார். முகம் கழுவும்போது, வெற்றிலை போடும்போது, “பத்து நாளாத்தான் சார், அதுக்கு முன்ன ஒண்ணியும் இல்ல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பள்ளிக்கூடம் போகாத மனுஷன், பரீட்சைக்குப் போகிற மாதிரி பயந்திருந்தார்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கே வரிசையில் நின்று சீட்டு வாங்கினார்கள். கடற்காற்று அன்றைக்கு வரவேயில்லை. பெஞ்சில் இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். கலியபெருமாள் இடது கையால் விலாவை அழுத்திக்கொண்டிருந்தார், யாராவது பார்த்தால் கையை எடுத்துக்கொண்டார். கலைவாணி தோளில் ஆபீஸ் பை. அதற்குள் பழைய படம் இருந்தது. எடுத்துவரக் கூடாது என்று சொல்லியிருந்தும் எடுத்துவந்திருந்தாள். நோயாளி போகிற இடத்துக்கெல்லாம் அவன் காகிதமும் போக வேண்டும் என்பது அவளுக்கு அப்படி ஊறிப்போயிருந்தது.

பதினொன்றரைக்கு உள்ளே போனார்கள். நரைத்த டாக்டர். நூறு பேரைப் பார்த்த களைப்பிலும் பொறுமையாகத்தான் கேட்டார். புதுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“எவ்ளோ நாளா வலி?”

“பத்து நாளாத்தான் சார். அதுக்கு முன்ன ஒண்ணியும் இல்ல.”

“நல்லா யோசிச்சு சொல்லுங்க. முன்னாடி எப்பவாவது ஸ்கேன் எடுத்தீங்களா? சின்ன கட்டின்னு யாராச்சும் சொன்னாங்களா?”

“இல்ல சார். இதான் மொதல்ல.”

டாக்டர் கலைவாணி பக்கம் திரும்பினார்.

“ஏன் கேக்கறேன்னா, இது பாக்கறதுக்கு வெறும் நீர்க்கட்டிதான். இப்படியே கெடக்கும். ரத்தம் கிருமியால வந்துருக்கலாம், மாத்திரை தரேன். ஆனா இது வளந்துகிட்டு வருதுன்னா வேற விஷயம். அப்ப நான் காத்துருக்க மாட்டேன், அடுத்த வாரமே இங்கயே தியேட்டர்ல எடுத்துத் திறந்துடுவேன். உங்களுக்கு ஒரு செலவும் இல்ல. பழைய படம் எதுனா இருக்காம்மா?”

அந்தக் கேள்வி நேராக அவளிடம் வந்தது. படம் அவள் முழங்கைக்கு அடியில் இருந்தது. பையின் ஜிப்பை ஒரு சாண் இழுத்தால் போதும். இலவசமாகவே, அடுத்த வாரமே என்கிறாரே, இதற்குமேல் என்ன வேண்டும் என்று அவள் மனசு கத்தியது. கட்டைவிரல் தானாக மடங்கியது.

அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கெஞ்சியது. நான் சரியாகச் சொல்லிவிட்டேன், நீ கெடுத்துவிடாதே என்று கெஞ்சியது. சுவரைப் பார்த்து அம்மா சொன்ன வார்த்தை காதில் கேட்டது. வாயைத் திறந்து ஒரு முறை நாசம் பண்ணியாயிற்று. இந்த முறையும் திறந்து, இன்னொரு கதவும் சாத்திக்கொண்டால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? எது மருந்து, எது விஷம் என்று அவளுக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. அந்த ஒரு நொடிதான் அவளுக்குக் கிடைத்தது.

“இல்ல சார்” என்றாள்.

டாக்டர் எழுதினார். மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்து வாருங்கள், வளர்ந்திருந்தால் அப்போது பார்க்கலாம் என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

வெளியே மரத்தடியில் டீக்கடை. கலியபெருமாள் ஆஸ்பத்திரிக்குள் நடந்ததைவிட வேகமாக நடந்து வந்தார். இரண்டு டீயும் இரண்டு பன்னும் வாங்கினார். மகள் காசு எடுக்கப் போனபோது தடுத்து அவரே கொடுத்தார். இந்த ஒரு வாரத்தில் அவர் முகம் இப்படித் தெளிந்து அவள் பார்க்கவில்லை.

கலைவாணி சீட்டைப் பிரித்துப் படித்தாள். இடது விலா வலி, பத்து நாள். முன்பு வலி இல்லை. முன்பு ஸ்கேன் இல்லை. மூன்று மாதம். கையெழுத்து, தேதி, முத்திரை. அவள் ஆபீஸில் இந்தக் காகிதம் வந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்பா தகரக் கொட்டகையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்ற நாலு வருஷம் இதில் எங்கேயும் நடக்கவில்லை.

“சரியா சொன்னனா?” என்று கேட்டார் கலியபெருமாள். பன்னை டீயில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டார். “அந்த டாக்டரு சுத்திச் சுத்திக் கேட்டான் பாத்தியா? நான் புடிச்ச புடிய வுடல.”

“சரியாத்தாம்பா சொன்ன.”

“நீயும் சரியா சொன்ன” என்றார். அவளுக்கு மனசு ஆறட்டும் என்றுதான் சொன்னார்.

பஸ்ஸில் கூட்டம். ஒரு அம்மாள் இறங்கியதும் கலைவாணி அப்பாவைப் பிடித்து உட்காரவைத்தாள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தடுமாறுவதைப் பார்த்துவிட்டு அவர் கையை நீட்டிப் பையை வாங்கினார். இடது பக்கம் விலாவோடு அணைத்து வைத்துக்கொண்டார். உள்ளே எதுவோ விறைப்பாக மடங்கியது.

“என்னாம்மா உள்ள, அட்ட மாதிரி?”

“ஆபீஸ் காயிதம்பா.”

கசங்கிவிடப் போகிறதே என்று அவர் பையை நிமிர்த்தி, இரண்டு கையாலும் தட்டையாகப் பிடித்துக்கொண்டார். முத்தியால்பேட்டை வரும்வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு வந்தார்.